வானூர்தி அளக்கட்டும், வயல் தமிழில் பேசட்டும்!

வரப்பில் நடந்து, இலையின் நிறம் பார்த்துப் பயிரின் நலமறிந்தவன் நம் உழவன். இன்று அவன் தலைக்கு மேலே ஆளில்லா வானூர்தி பறக்கின்றது. அதன் அடியிற் பொருத்திய பல்நிறமாலை உணரி, மாந்தக் கண்ணுக்குப் புலப்படாத ஒளியையும் பதிந்து, வயலின் நலத்தைப் படமாக வரைந்து தருகின்றது.

செழித்த இலையின் பச்சையம் செவ்வொளியை உறிஞ்சிக் கொள்ளும். இலையின் உள்ளமைப்போ அண்மை அகச்சிவப்பொளியைப் பெரிதும் திருப்பியனுப்பும். நலங்குன்றிய இலையில் இவ்வேறுபாடு குறையும். இவ்விரண்டன் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எண்ணையே 'என்.டி.வி.ஐ.' என ஆங்கிலத்தார் சுருக்கி வழங்குகின்றனர். நாம் அதனை நிலைத்திணைச் சுட்டெண் என்போம். அது -1 முதல் +1 வரை அமையும். பயிர் அடர்ந்து செழிக்கச் செழிக்க 1-ஐ நோக்கி உயரும்.

கருவியை மறுப்பார் நாமல்லர். ஆனால் ஒன்றை உணர்தல் வேண்டும். வயலின் ஒரு மூலை குன்றியுள்ளது என்று அப்படம் காட்டும். ஏன் குன்றியது என்று அது தானே கூறிவிடாது. தழையூட்டக் குறைவா, நீர்க் குறைவா, பூச்சியா, உவரா என்று அவ்விடஞ் சென்று பார்த்துத் தெளிபவன் உழவனே! அவ்வாறாயின், அப்படம் எவன் மொழியிற் பேசுதல் வேண்டும்? ஆங்கிலக் குறிப்போடு வரும் படம், உழவன் கைக்கு வந்தும் அவனுக்கு உரிமையாகாது. தன் மண்ணைப் பற்றிய அறிவையே தரகனிடம் கேட்டு நிற்கும் இழிநிலை அது.

தில்லியரசின் போக்கைப் பாருங்கள். மகளிர் தன்னுதவிக் குழுக்கள் 15,000-க்கு, உரமும் பூச்சிக்கொல்லியும் தெளிக்கும் ஆளில்லா வானூர்திகளை வழங்க, 1,261 கோடி உருபாவில் 2023-இல் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. அதற்கு இட்ட பெயரோ 'நமோ திரோன் தீதி'! 'தீதி' என்பது இந்தியில் அக்கை. அக்கை, தமக்கை என்னுஞ் சொற்கள் நமக்கில்லையா? கருவி வருமுன்னே இந்தி வயலில் இறங்கிவிட்டது. தெளிக்குங் கருவிக்கு நேர்ந்தது அளக்குங் கருவிக்கும் நேராதென எங்ஙனம் வாளாவிருப்பது?

நிலமளத்தல் நமக்குப் புதிதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இராசராசச் சோழன் தன் நாட்டு நிலங்களைக் கோலிட்டு அளப்பித்தான். வேலி, மா, காணி, முந்திரி எனத் தமிழ் அளவைகளாலேயே அக்கணக்கு கல்லிலும் பொறிக்கப்பெற்றது. அளக்கும் கோல் மாறலாம். அளவைச் சொல் மாறலாமா?

எனவே, உழவர்க்கு அளிக்கப்பெறும் ஒவ்வொரு வயற்படமும் தமிழிலேயே அமைதல் வேண்டுமெனத் தமிழ்நாட்டரசு ஆணையிடுக! இத்துறைக்கான சொற்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உழவரோடு அமர்ந்து ஆக்குக! கணினி கற்ற தமிழிளைஞர்களே, அப்படங்களுக்குத் தமிழ் நாவைத் தாருங்கள்! நம் மண்ணின் செய்தி நம் உழவனுக்கு நம் மொழியிலேயே எட்டட்டும்.