இதழின் முதல் வாசகர்

நுழையும்முன்

ஒரு கட்டுரையை எழுதியவரின் பெயரை வாசகர் அறிவர். அக்கட்டுரை தாளில் எவ்வாறு அமைய வேண்டும் என முடிவுசெய்தவரைப் பெரும்பாலும் அறிவதில்லை. அவருடைய பணியையும் அதற்கு வேண்டிய தகுதியையும் எண்ணிப் பார்க்கிறது இப்பாடம்.

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் 1888ஆம் ஆண்டு பிறந்த வெ. இராமலிங்கனார், 1949இல் அரசவைக் கவிஞராகச் சிறப்பிக்கப்பெற்றார். இளமையில் அவர் ஓவியம் தீட்டிப் பொருளீட்டினார் என்பதைப் பலர் அறியார். தூரிகை பிடித்த கையே எழுதுகோலையும் பிடித்தது. இன்றைய வகுப்பறையிலோ இவ்விரு திறன்களும் பெரும்பாலும் பிரிந்தே நிற்கின்றன. படம் வரையும் மாணவரிடம், அது வெறும் பொழுதுபோக்கு என்றே சொல்லப்படுகிறது. இரண்டையும் ஒருங்கே வேண்டிநிற்கும் தொழில் ஒன்று உண்டு. அதுவே இதழின் கலை இயக்குநர் பணி.

படித்தபின் வடிவம்

ஒரு கட்டுரைக்கு எத்தனை பக்கம், எந்த ஒளிப்படம் பெரிதாக இடம்பெற வேண்டும், தலைப்புக்கு எவ்வகை எழுத்து, எங்கே வெற்றிடம் என்பனவற்றை முடிவுசெய்பவர் கலை இயக்குநர். ஓவியர், ஒளிப்படக் கலைஞர், பக்க வடிவமைப்பாளர் ஆகியோரை ஒருங்கிணைப்பவரும் அவரே. இதனை அலங்கார வேலை எனக் கருதுவது பிழையாகும்.

சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளைப் பற்றி ஓர் இதழ் கட்டுரை வெளியிடுவதாகக் கொள்வோம். ஆலையின் இயந்திரத்தை முழுப்பக்கத்தில் இட்டால் அது தொழில்வளர்ச்சியின் கதையாகும். களத்தில் ஜவ்வரிசியை உலர்த்தும் பெண்ணின் கைகளை இட்டால் உழைப்பின் கதையாகும். மரவள்ளிக்கிழங்கை ஏற்றிவந்து விலைக்காகக் காத்திருக்கும் உழவரின் முகத்தை இட்டாலோ அது வேறொரு கதை. கட்டுரையில் ஒரு சொல்லும் மாறவில்லை. வாசகர் மனத்தில் பதியும் பொருள் மட்டும் மாறிவிடுகிறது. எனவே, படத்தைத் தேர்வதும் கருத்துரைத்தலே. கட்டுரையை முழுமையாகப் படிக்காமல் அத்தேர்வைச் செய்பவர் எழுதியவருக்கும் வாசகருக்கும் ஒருசேரத் தீங்கிழைக்கிறார்.

தமிழ் அறிந்த கண்

தமிழ் எழுத்தின் இயல்பை அறியாமல் தமிழ்ப் பக்கத்தை அமைக்க இயலாது. இகர, ஈகாரக் குறியீடுகள் மேலெழுகின்றன. உகர, ஊகாரக் குறியீடுகள் பல கீழிறங்குகின்றன. வரிகளை நெருக்கினால் அவை ஒன்றோடொன்று மோதும். தமிழில் நீண்ட சொற்கள் மிகுதி. குறுகிய பத்தியில் இரு ஓரங்களையும் நேராக்க முயன்றால் சொற்களுக்கிடையே பெரும் இடைவெளிகள் தோன்றும்.

எழுத்தின் வடிவம் அச்சோடு சேர்த்து எண்ணத்தக்கது என்பதற்குக் காவிரியின் அக்கரையிலுள்ள ஈரோடு சான்று பகரும். அங்கே 1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய பெரியார், 1935 முதல் சீர்திருத்த எழுத்துகளை அதில் கையாண்டார். அவற்றுட் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது.

வழிகாட்டும் மரபு

பாரதியார் தம் ‘இந்தியா’ இதழில் கருத்துப்படங்களைக் கொண்டு அரசியல் பேசினார். 1950இல் ‘கல்கி’யில் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த உருவங்களையே இன்றும் வாசகர் பலர் மனத்தில் காண்கின்றனர். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஆதிமூலம் தீட்டிய கோடுகள் அம்மண்ணின் வறட்சியையும் மனிதரையும் கண்முன் நிறுத்தின. தரமான இதழ் பெருநகரில்தான் பிறக்கும் என்பதுமில்லை. கவிஞர் சி. மணியின் முயற்சியால் 1968இல் சேலத்திலிருந்து வெளிவந்த ‘நடை’ குறுகிய காலமே நீடித்தது. எனினும் நவீன இலக்கிய வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது.

கணினி கைவந்தபின் கலை இயக்குநர் எதற்கு என்னும் வினா எழலாம். கணினி ஆயத்த வடிவங்களை நொடியில் தரும். அவற்றுள் இக்கட்டுரைக்கு எது பொருந்தும் என்பதைப் படித்துணர்ந்தவரே கூற வல்லவர். இத்தொழிலில் வருவாய் உறுதியோ என்னும் பெற்றோரின் அச்சமும் பொருளற்றதன்று. இதழ்களில் இடம் சிலருக்கே வாய்க்கும். ஆயினும் நூல், நாளிதழ், பாடநூல், இணையப்பக்கம் என எழுத்து தோன்றும் இடமெல்லாம் இத்திறன் வேண்டப்படுகிறது.

நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் பெயரெழுதும் ஓவியர், விரையும் வண்டியிலும் படிக்கத்தக்க எழுத்தை அமைக்க வேண்டியவர். படிப்பவரின் கண்ணை முன்னிறுத்தும் அப்பாடத்தை மாணவர் தம் ஊரிலேயே கற்கலாம். ஓவியமும் மொழியும் பயிலும் மாணவரிடம் ஒன்றைக் கைவிடுமாறு கூறாதிருப்பதே பெரியோர் செய்யத்தக்க உதவி.