போடாதவன் மேல தப்பில்ல, சட்டை மேலதான் தப்பு

"மீனவங்களுக்கு லைஃப் ஜாக்கெட் குடுத்தா போடமாட்டாங்கப்பா. திமிரு. செத்தா மட்டும் அரசாங்கம் பணம் குடுக்கணும்."

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்கா. டீக்கடையில கேட்டாச்சு, பஸ்ல கேட்டாச்சு, ஏசி ரூம்ல காபி மெஷின் பக்கத்துல நின்னுகிட்டு என்னை மாதிரி ஆணி புடுங்குற ஆளுங்க சொல்லியும் கேட்டாச்சு. தூத்துக்குடிக்காரன்ங்கிறதால, "உங்க ஊர்க்காரங்க ஏன் பாஸ் இப்படி?"ன்னு நேரா என்னையே வேற கேக்குறாங்க. (கேட்டவர் ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல வச்சுட்டு வண்டி ஓட்டுறவர். அது வேற கதை.) பதில் கொஞ்சம் நீளம். அதான் பதிவாவே போட்டுடலாம்னு...

முதல்ல எங்க தொழில்ல உள்ள ஒரு சமாச்சாரம். நாங்க எழுதின மென்பொருளை பத்து பேர்ல ஒருத்தர் தப்பா பயன்படுத்தினா "யூசர் எரர்"னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். பத்துக்கு ஒன்பது பேர் தப்பா பயன்படுத்தினா? டிசைன்ல ஓட்டைன்னு அர்த்தம். திருத்த வேண்டியது திரையை, ஆளை இல்ல. இந்தச் சின்ன நியாயம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு உண்டு. கடல்ல மடி இழுக்கிறவனுக்கு மட்டும் கிடையாதா?

அந்த ஆரஞ்சு மூட்டை

லைஃப் ஜாக்கெட்னு குடுக்கிறாங்களே, அதை ஒரு தடவை மாட்டிப் பாருங்க. நெஞ்சுல ரெண்டு தலையணை, கழுத்துக்குப் பின்னாடி ஒண்ணு, இடுப்புல தொங்குற பட்டை. கப்பல் முழுகும்போது அவசரத்துல மாட்டிகிட்டுக் குதிக்கிறதுக்காகச் செஞ்ச சாமான் அது. அந்த வேலைக்கு அருமையான சாமான், குறை சொல்ல மாட்டேன். அதுக்கான சர்வதேச விதியே அப்படித்தான்: 1 நிமிஷத்துல மாட்ட முடியணும், மயக்கத்துல இருக்கிறவரை மல்லாக்கத் திருப்பணும், வாய் தண்ணிக்கு மேல நிக்கணும். இதை மாட்டிகிட்டு 12 மணி நேரம் வேலை பார்க்க முடியணும்னு அந்த விதியில எங்கயும் இல்ல.

தூத்துக்குடி விசைப்படகு விடிகாலையில போய் ராத்திரி திரும்புது. தருவைகுளத்துக்காரங்க நாள் கணக்குல ஆழ்கடல்ல தங்குறாங்க. மொட்டை வெயில்ல அந்த மூட்டையோட குனிஞ்சு நிமிர்ந்து வலை வாங்க முடியுமா? தொங்குற பட்டை வலைக்கண்ணுல மாட்டினா வலையோட சேர்ந்து ஆளும் கடலுக்குள்ள. அதனால அது படகுல ஒரு மூலைக்குப் போகுது. படகு கவிழும்போது அந்த மூலைதான் முதல்ல தண்ணிக்குள்ள போகுது. திரேஸ்புரத்து வள்ளத்துல அந்த மூலையும் கிடையாது.

ஆக, போடாதது திமிரு இல்ல சாமி. போட்டா வேலை நடக்காது. அம்புட்டுத்தான்.

"நம்ம கடல் வெதுவெதுன்னு தானே இருக்கு?"

இது ரெண்டாவது வசனம். படிச்சவங்க அதிகமா சொல்றது. குளிர்ல சாகறதெல்லாம் நார்வே, ஐஸ்லாந்து சங்கதி, நமக்கெதுக்கு?

கணக்கைப் பாருங்க. தண்ணி காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். சும்மா மிதக்கிற உடம்பு சூடு இழக்காம இருக்கணும்னா தண்ணி ஏறக்குறைய 33-லேருந்து 35 டிகிரி வரைக்கும் இருக்கணும். மன்னார் வளைகுடாத் தண்ணி பெரும்பாலும் 26-க்கும் 31-க்கும் நடுவுல. குளிக்கும்போது சுகமா இருக்கும். ராத்திரி முழுக்க அதுல கிடந்தா? உடம்பு கொஞ்சம் கொஞ்சமா சூட்டைக் கடலுக்குத் தாரை வார்க்குது. நடுக்கம் வரும். நடுங்க நடுங்க இருக்கிற தெம்பும் தீரும். மேலே வாடைக் காத்தும் மழையும் சேர்ந்தா சொல்லவே வேண்டாம். உள்ளுடம்பு 35 டிகிரிக்குக் கீழ இறங்கினா புத்தி மங்கும், கை பிடி தளரும். பிடிச்சிருந்த கட்டையை விட்டுட்டா அப்புறம் எழுதறது "நீரில் மூழ்கி மரணம்"னுதான். குளிர் செஞ்ச கொலை கணக்குல வரவே வராது.

"மீனவனுக்கு நீச்சல் தெரியுமே"ன்னு ஒரு கோஷ்டி. நீந்தினா சூடு இன்னும் வேகமாத்தான் போகும். கரை தெரியாத கடல்ல நீச்சல் வீரனைவிட முழங்காலை நெஞ்சோட கட்டிகிட்டு அசையாம மிதக்கிறவன்தான் கூடுதல் நேரம் தாங்குவான். அசையாம இருக்கணும்னா மிதவை வேணும்.

1912 ஏப்ரல்ல டைட்டானிக் முழுகினப்போ ஏராளமான பேர் மிதவைச் சட்டையோடதான் தண்ணியில கிடந்தாங்க. தண்ணி உறைநிலைக்கும் கீழ. மிதந்தாங்க, ஆனா பிழைக்கல. மிதக்க வைக்கிறது பாதி வேலைதான்னு உலகத்துக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. நம்மூருக்கு 2017-ல ஒக்கி வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு. நவம்பர் 30 காலையில அது புயலா மாறினப்போ குமரி, கேரளக் கரைகள்லேருந்து போனவங்க ஏற்கனவே ஆழ்கடல்ல இருந்தாங்க. நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க, இல்லேன்னா திரும்பவே இல்ல. கவிழ்ந்த படகையும் கேனையும் பிடிச்சுகிட்டு நாள் கணக்குல மிதந்து தப்பினவங்க சொன்னதைப் படிச்சிருப்பீங்க: கூட மிதந்தவங்க ஒவ்வொருத்தரா கை தளர்ந்து விட்டுட்டாங்கன்னு. அந்தக் கை தளர்ந்ததுக்குப் பின்னாடி பசி, தாகம், களைப்போட குளிரும் உண்டு மக்கா. வெதுவெதுப்பான கடலாம்.

ஒரே கடல், ரெண்டு சட்டம்

எங்க ஊர் வ.உ.சி. துறைமுகத்துலேருந்து கிளம்புற சரக்குக் கப்பலை எடுத்துக்குங்க. சர்வதேச விதிப்படி சரக்குக் கப்பல்ல ஆளுக்கு ஒரு காப்பு உடை இருக்கணும். தலையிலேருந்து கால் வரைக்கும் மூடுற உடை. வெப்பக்காப்பு உள்ள வகைக்குச் சோதனை என்ன தெரியுமா? 0-2 டிகிரி தண்ணியில 6 மணி நேரம் கிடந்தாலும் உள்ளுடம்புச் சூடு 2 டிகிரிக்கு மேல இறங்கக் கூடாது. 2 நிமிஷத்துல யார் உதவியும் இல்லாம மாட்ட முடியணும். எப்பவும் வெப்பக் கடல்லயே ஓடுற கப்பல்னா விலக்கு குடுக்கலாம்னு ஒரு சந்து மட்டும் வச்சிருக்காங்க. "வெதுவெதுப்பு" வசனம் அங்கயும் புகுந்திருக்கு பாருங்க.

அந்தக் கப்பல் பக்கத்துலயே போகுதே ஒரு மீன்பிடி படகு, அதுக்கு இந்த விதி பொருந்தாது. மீன்பிடி படகுகளுக்கு அந்த உடன்படிக்கையிலேருந்தே விலக்கு. அதே கடல், அதே அலை. ஒருத்தன் இரும்பு சுமக்கிறான், ஒருத்தன் மீன் சுமக்கிறான்.

உடனே "அந்த உடையையே வாங்கி இறக்கிடலாமே"ன்னு யாராச்சும் ஆரம்பிப்பீங்க. வேண்டாம்யா. ஜீரோ டிகிரிக்குச் செஞ்ச ரப்பர் உடையைத் தூத்துக்குடி வெயில்ல போட்டுகிட்டு வேலை பார்த்தா ஆள் கடல்ல விழறதுக்கு முன்னாடியே வெந்துடுவான். ஐஸ்லாந்துக்காரன் அவன் கடலுக்கு ஏத்த உடையை வச்சிருக்கான், 1985-ல மாலுமிகளுக்குன்னு தனியா பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சான். 2008-ல அந்த நாட்டு மாலுமி ஒருத்தர்கூட கடல்ல சாகல. அவன்கிட்டேயிருந்து எடுக்க வேண்டியது உடையை இல்ல, அந்தப் பிடிவாதத்தை.

சரி, என்னதான் தைக்கணும்?

சும்மா திட்டிட்டுப் போனா எப்படி? கணக்கு போட்டுப் பார்த்தேன்.

1 லிட்டர் நுரை ஏறக்குறைய 10 நியூட்டன் மிதப்பு குடுக்கும். நினைவோட இருக்கிற ஒருத்தரை மிதக்க வைக்க 50 நியூட்டன் போதும். ஆக 5 லிட்டர் நுரை. இதைத் தலையணையா ஒரே இடத்துல அடைக்காம நெஞ்சு, முதுகு முழுக்கப் பரப்பினா? ஒரு கையில்லாத சட்டைக்கு முன்னும் பின்னுமா சுமார் 4000 சதுர சென்டிமீட்டர் பரப்பு. வகுத்தா வர்ற தடிமன் 12 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு விரல் தடிமன்கூட இல்ல! இதுல பெரிய லாபம் என்னன்னா, அதே நுரைதான் வெப்பக்காப்பும். ஒரே சாமான், ரெண்டு வேலை.

என் ரெக்வயர்மென்ட் பட்டியல்:

1. நுரை மூடின கண்ணறை உள்ளதா இருக்கணும். புது டிவி பெட்டிக்குள்ள சுத்தி வருமே வெள்ளை ஷீட், அந்த ஜாதி. ஒவ்வொரு குமிழும் தனித்தனியா மூடியிருக்கிறதால கிழிஞ்சாலும் தண்ணி ஏறாது. காத்தடிக்கிற வகை வேண்டாம், ஒரு தூண்டில் முள் குத்தினா கதை முடிஞ்சுது.

2. ஒரே பாளமா வைக்காம செங்குத்துக் கீற்றுகளா தைக்கணும். நடுவுல காத்து ஓடும், உடம்பும் வளையும்.

3. கை முழுசா வெளிய. கொக்கி, தொங்குற பட்டை எதுவும் கூடாது.

4. சூடு அதிகமா போற இடம் கழுத்து, அக்குள் பக்கம், தொடை இடுக்கு. அதனால முதுகுப் பக்கத்துலேருந்து ஒரு அகலமான நுரைப் பட்டை. வேலை நேரத்துல மடிச்சு வச்சுக்கலாம், தண்ணியில விழுந்தா காலுக்கு நடுவுல இழுத்து முன்னாடி மாட்டிக்கலாம். ஆமா, கோமணம்தான். சிரிக்காதீங்க. சட்டை தலைக்கு மேல ஏறாமலும் அதுதான் பிடிக்கும்.

5. காலருக்குள்ள சுருட்டி வச்ச ஒரு மெல்லிசு தலைமூடி. ஒரு விசில். ஒரு சின்ன விளக்கு.

6. கிழிஞ்சா திரேஸ்புரத்துலயே ஒரு டெய்லர் தைச்சுக் குடுக்க முடியணும்.

இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா? போன நூற்றாண்டோட முதல் பாதியில உலகம் பூரா லைஃப் ஜாக்கெட்டுக்குள்ள இருந்தது நம்ம இலவம்பஞ்சு. போடிநாயக்கனூர்ல மெத்தைக்கு அடைக்கிற அதே பஞ்சு. இழை உள்ளுக்குள்ள வெத்துக்குழாய், மேலே மெழுகுப் பூச்சு, அதான் மிதக்குது. பஞ்சு நம்மகிட்ட. சட்டையை மட்டும் அடுத்தவன் தைப்பான்னு இன்னும் காத்துகிட்டு இருக்கோம். இலவு காத்த கிளின்னு சும்மாவா சொன்னாங்க?

அதுக்கும் முன்னாடி கட்டுமரம் ஏறினவனுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல. கட்டை கவிழ்ந்தாலும் முழுகாது, புரட்டிப் போட்டு ஏறிக்குவான். படகே மிதவை. நாம வேகத்துக்காக ஃபைபரும் இன்ஜினும் குடுத்தோம், நல்லதுதான். கட்டை குடுத்த காப்பை வாங்கிகிட்டோமே, அதுக்குப் பதிலா என்ன குடுத்தோம்? மூலையில கிடக்கிற மூட்டை.

சங்கு குளிக்கிறவரை மறந்தாச்சு

இன்னொரு ஜாதி ஆட்கள், யாருமே பேசாதவங்க. முத்துக்குளிப்பு எங்க கரையில 1961-க்குப் பிறகு நடக்கல, ஆனா சங்குகுளி இன்னைக்கும் உண்டு. படகுல கம்ப்ரெசர், வாயில ஓஸ், உடம்புல பழைய சட்டை. மணிக்கணக்கா அடியில. இவருக்கு மேலே சொன்ன சட்டை ஆகாது. மிதந்தா எப்படி முழுகுறது? குமிழ் ரப்பர் உடையிலயும் சிக்கல் இருக்கு. 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு, உள்ளே இருக்கிற குமிழ் ஏறக்குறைய பாதியா சுருங்கும், காப்பும் அதோட குறையும். மேலே தடுமாறி மிதக்கும், கீழே குளிரும். ஆழத்துக்கு ஏத்த தடிமன், எடைப் பட்டைக் கணக்கு, நொடியில கழட்டுற பூட்டு, இதெல்லாம் அவருக்காக ஒருத்தர் உக்காந்து யோசிக்கணும்.

1973-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதே தூத்துக்குடியில சிப்பிக்குள்ள முத்தை வளர்த்துக் காட்டுச்சு. பெருமைதான். சிப்பியோட உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபிடிச்ச ஊர், குளிக்கிறவன் உடம்புக்கு ஒரு சட்டை யோசிக்கக் கூடாதா?

கடைசியா, நம்ம ஆளுங்களுக்கு

மீனவருக்குன்னு சொன்னா நம்ம இன்ஜினியர் கூட்டம் உடனே ஒரு ஆப் எழுதிடும். காத்து எப்படி, அலை எவ்வளவு, மீன் எங்க. வேண்டாம்னு சொல்லல, எச்சரிக்கை நல்லது. ஆனா தண்ணியில விழுந்தவனை ஆப் மிதக்க வைக்காது. ஆப் எழுதறது நமக்குச் சுலபம், அதனால அதையே எழுதறோம். சட்டை தைக்கணும்னா கடல்ல இறங்கணும், ஒரு நாள் பூரா வலை வாங்கிப் பார்க்கணும், "இது அக்குள்ல அறுக்குது தம்பி"ன்னு ஒரு அண்ணாச்சி திட்டுறதைக் கேட்டு மறுபடி பிரிச்சுத் தைக்கணும்.

தூத்துக்குடியில 1977-லேருந்து மீன்வளக் கல்லூரி இருக்கு. இன்ஜினியரிங் கல்லூரிகள் இருக்கு. வருஷா வருஷம் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் செஞ்சு குவிக்கிற பைனல் இயர் பசங்க இருக்காங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில, ஆட்களும் கரையில. இதைவிட நல்ல யூசர் டெஸ்டிங் காலம் உலகத்துல எவனுக்குக் கிடைக்கும்? 1906-ல வெள்ளைக்காரனுக்கு எதிரா கப்பலே விட்ட ஊருய்யா இது. ஒரு சட்டை தைக்க முடியாதா?

தைச்சு, போட்டுப் பார்த்து, திருத்தி, அதுக்கப்புறமும் போடலைன்னா வாங்க, திமிரைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் அந்த வசனத்தைக் கொஞ்சம் மடிச்சு வைங்க.

டிஸ்கி: 50 நியூட்டன் சட்டை மயக்கமானவரை மல்லாக்கத் திருப்பும்னு உத்தரவாதம் இல்ல. அதனால பெரிய ஜாக்கெட்டும் படகுல, எட்டுற இடத்துல இருந்தே ஆகணும். இது அதுக்கு மாத்து இல்ல, எட்ட முடியாத அந்தக் கணத்துக்கு. நுரை வெயில்ல எத்தனை மாசம் தாங்கும், எவ்வளவு சப்பையாகும்னு சோதிச்சுத்தான் சொல்ல முடியும். துணி, நுரை, தையல் பத்தித் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல வந்து என் கணக்கைக் கிழிங்க. கிழிச்சாத்தான் நல்லா தைக்க முடியும்.