மின்னிணைப்பு பிச்சையன்று!

அரிசி ஆலைக்கோ கடைக் கட்டடத்திற்கோ திறீ பேஸ் மின்னிணைப்புக் கோரும் தமிழன் கந்தோர் வாயிலிற் கைகட்டி நிற்பதேன்? அவன் இரப்பவனா? விலை கொடுத்து வாங்குபவனன்றோ!

ஒப்பந்தக் கேள்வி 42 கே.வீ.ஏ.யைத் தாண்டின் கட்டண வகுப்பே மாறும். பாவித்த அலகுகளுக்கு மட்டுமன்றி, மாதத்தின் உச்சக் கேள்விக்கும் பணம் இறுக்கவேண்டும். இதனை விளக்காது மதிப்பீட்டுத் தொகையை மட்டும் நீட்டுவது நீதியா?

கம்பத்திற்கு எவ்வளவு, கம்பிக்கு எவ்வளவு, மின்மாற்றிக்கு எவ்வளவு என்று எழுத்திற் கேளுங்கள். தமிழிற் கேளுங்கள்! 1988ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கிற்று. விளங்காத மொழியிலுள்ள பத்திரத்திற் கையொப்பமிடாதீர்கள்! வாய்மொழி காற்றோடு போம். எழுத்தே மன்றிற் பேசும்.

சட்டம் தந்த உரிமையைச் சலுகையென எண்ணித் தலைகுனிவோர், அதனைத் தாமே கைவிடுகின்றனர்.