“பரவாயில்லை, ஹெட்போன் போட்டுக் கேள்”

தோழர்களே,

புது லப்டொப் வீட்டுக்கு வந்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. பாட்டுப் போட்டால் ஸ்பீக்கர் கரகரக்கும், இல்லையெண்டால் இடையிடையே ‘டக்’, ‘டக்’ எண்டு அடிக்கும். எங்கட வீடுகளில் இதுக்கு ஒரே தீர்ப்புத்தான்: “பரவாயில்லை, ஹெட்போன் போட்டுக் கேள்.”

அறுநூறு, எழுநூறு யூரோ. பலருக்கு அது மாதத் தவணை. பலெர்மோவில் அந்தக் காசு எப்படி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆற்றையோ வீட்டுத் தரை துடைத்து, ஆற்றையோ வயதான தாயைக் குளிப்பாட்டி வருகிற காசு. அந்தக் காசில் வாங்கின சாமான் முதல் கிழமையே பழுதென்றால், அதைச் சகிச்சுக்கொண்டிருக்கிறதைப் பொறுமை எண்டு நான் கணக்கெடுக்க மாட்டன். விற்ற கடைக்கு நாங்கள் கொடுக்கிற நன்கொடை அது. என்னுடைய கருத்து இதுதான்: அந்தச் சத்தத்தை முதலில் ஆதாரமாக மாற்றவேண்டும், பிறகு விற்றவரிடம் கொண்டுபோக வேண்டும், தனியாகப் போகக் கூடாது.

ஆதாரமாக மாற்றுவதற்கு, சத்தம் ஏன் உடைகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். லப்டொப்பில் பாட்டு என்பது எண்கள். வழக்கமாக ஒரு செக்கனுக்கு 48,000 எண்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும். அவை பஃபர் என்கிற ஒரு சின்னத் தாங்கியில் நிரப்பப்படுகின்றன, அங்கிருந்துதான் ஒலிச் சில்லு இடைவிடாமல் எடுத்துக்கொண்டிருக்கும். நிரப்புகிறவர் ஒரு கணம் பிந்தினால் தாங்கி காலியாகும், அந்த வெற்றிடம்தான் எங்கட காதுக்கு ‘டக்’ எண்டு கேட்கிறது. ஏன் பிந்துகிறது? பெரும்பாலும் வேறொரு ட்ரைவர் புரொசசரைப் பிடித்துவைத்திருக்கும். வைஃபை ட்ரைவர், கிராஃபிக்ஸ் ட்ரைவர் இரண்டும் இதில் பேர்போனவை. மற்றது, மின்சாரம் மிச்சம்பிடிக்க ஒலிச் சில்லைத் தூங்கப்போடுவார்கள். அது தூங்கும்போதும் எழும்பும்போதும் ஒரு வெடிப்புச் சத்தம் வரும். இன்னொன்று, சத்தத்தை ‘மெருகூட்டுகிறோம்’ எண்டு கொம்பனி போட்டுவிடுகிற மென்பொருள். சின்ன ஸ்பீக்கரிலிருந்து பெரிய சத்தம் எடுக்கப் பார்த்து அலையின் தலையை வெட்டிவிடும்.

இதெல்லாம் மென்பொருள் பக்கம். வன்பொருள் பக்கம் வேறு: ஸ்பீக்கரின் சவ்வு கிழிந்திருக்கலாம், காந்தத்தில் இரும்புத் தூசி ஒட்டியிருக்கலாம், உள்ளே ஒரு ஆணி இறுகாமல் இருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு மணித்தியாலம் போதும். ஒரே பாட்டை, ஒரே இடத்தில், மூன்று தடவை போட்டுப் பாருங்கோ. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே தாழ்ந்த சுரத்தில் கரகரத்தால் அது பெரும்பாலும் ஸ்பீக்கரின் உடம்பில் உள்ள குறை, அல்லது வெட்டுப்படுகிற ஒலியலை. ஒருக்கா வருது, ஒருக்கா வரேல்லை, வைஃபையை நிப்பாட்டினால் குறையுது எண்டால் மென்பொருளைச் சந்தேகியுங்கோ. வயர் ஹெட்போனிலும் அதே சத்தம் கேட்டால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். ஹெட்போனில் கேட்கவில்லை என்பதற்காக மட்டும் ஸ்பீக்கர்தான் பழுது எண்டு முடிவெடுக்காதேங்கோ. இப்ப வருகிற லப்டொப்புகளில் ஸ்பீக்கருக்குத் தனி அம்ப்ளிஃபயர், தனி மென்பொருள் இருக்கு.

வின்டோஸ் என்றால், ஒலி அமைப்பில் அந்த ‘மெருகூட்டல்’ எல்லாவற்றையும் நிறுத்துங்கோ. ட்ரைவரை லப்டொப் கொம்பனியின் தளத்திலிருந்து எடுத்துப் புதிதாகப் போடுங்கோ. புதுசு போட்ட பிறகுதான் சத்தம் வந்தது என்றால் பழசுக்குத் திரும்புங்கோ. லேட்டன்சிமொன் எண்டு ஒரு மென்பொருள் இருக்கிறது; எந்த ட்ரைவர் புரொசசரை மறிக்கிறது என்று பெயரோடு காட்டும். லினக்ஸ் பாவிக்கிற தோழர்கள் ஒலிச் சில்லின் மின்சேமிப்பைப் பூச்சியமாக்கிப் பார்க்கலாம். கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த சோதனை: ஒரு யூஎஸ்பியில் உபுண்டுவை ஏற்றி, லப்டொப்பில் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கி, அதே பாட்டைப் போடுறது. இரண்டு இயங்குதளத்திலும் ஒரே மாதிரிக் கரகரத்தால் கடைக்காரரால் ‘வின்டோஸ் பிரச்சினை’ எண்டு சொல்ல ஏலாது.

எல்லாவற்றையும் ஃபோனில் வீடியோவாக எடுங்கோ. திகதி தெரிய வேண்டும். இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதுக்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தக் கரகரப்பின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 2019 நவம்பரில் அப்பிள் 16 அங்குல மக்புக் ப்ரோவை வெளியிட்டது. அந்தக் கொம்பனியின் விலை உயர்ந்த கணினிகளில் ஒன்று. வாங்கின ஆக்கள் உடனேயே, பாட்டை நிறுத்தும்போது ‘டப்’ எண்டு வெடிக்குது எண்டு சொல்லத் தொடங்கினார்கள். ஒரு ஆள் சொன்னால் “உங்கட மெஷின்” எண்டு போயிருக்கும். பலர் பதிவுசெய்து காட்டினார்கள். டிசம்பரில், அங்கீகரிக்கப்பட்ட திருத்துநர்களுக்கு அப்பிள் அனுப்பிய உள்சுற்றறிக்கை ஒன்று செய்திகளில் வந்தது: இது மென்பொருள் பிரச்சினை, திருத்துவதற்கு எடுக்கவேண்டாம், பாகம் மாற்றவேண்டாம். நேர்மையான பதில்தான். ஆனால் அதன் அர்த்தத்தைப் பாருங்கோ: கொம்பனிக்குத் தெரியும், காசு கொடுத்தவர் அடுத்த அப்டேட் வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

“இது மென்பொருள், எங்கட பொறுப்பில்லை” என்ற இந்தக் கதையைத்தான் பலெர்மோவின் கடைகளிலும் கேட்கிறோம். கூடவே ஒரு கட்டணம்: “ஃபொர்மாட் அடிச்சுத் தாறம், ஐம்பது யூரோ.” தோழர்களே, வாங்கிய புது லப்டொப்புக்கு அந்த ஐம்பது யூரோவைக் கொடுக்காதேங்கோ. இத்தாலியின் நுகர்வோர் சட்டக்கோவை, கோதிச்சே தெல் கொன்சூமோ, 2005 இல் வந்தது. அதில் 170/2021 ஆணை கொண்டுவந்த மாற்றங்கள் 2022 ஜனவரி 1 முதல் வாங்கும் சாமான்களுக்குப் பொருந்தும். அதன்படி, பொருளோடு சேர்ந்து வருகிற மென்பொருளும் பொருளின் பகுதிதான். அது ஒழுங்காக வேலைசெய்யாவிட்டால் பொருள் ஒழுங்கில்லை. அந்தக் குறைக்கு இரண்டு வருடத்துக்கு விற்றவர் பொறுப்பு. தயாரித்தவர் இல்லை, விற்றவர். முதல் ஒரு வருடத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிக்கிறது கடையின் வேலை. திருத்துவது அல்லது மாற்றித் தருவது இலவசம். இரண்டும் சரிவராவிட்டால் விலைக்குறைப்பு அல்லது காசு திரும்ப.

ஒன்லைனில் வாங்கினால் இன்னும் இலகு. கையில் கிடைத்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். ஆனபடியால் அந்த முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே ஸ்பீக்கரைச் சோதியுங்கோ. பெட்டியை எறியாதேங்கோ. (கடையில் நேரே வாங்கினால் இந்த 14 நாள் கதை சட்டத்தில் இல்லை. கடை தானாகத் தந்தால் உண்டு.) வியாபாரப் பெயரில், வரி இலக்கம் போட்டு வாங்கினவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அது வேறு கணக்கு.

பெரிய கொம்பனிகளே இந்த இரண்டு வருடத்தை மறைத்துப் பார்த்திருக்கின்றன. 2011 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் அப்பிள் நிறுவனங்களுக்கு மொத்தம் 900,000 யூரோ தண்டம் விதித்தது. சட்டப்படியான இரண்டு வருடப் பாதுகாப்பைச் சரியாகச் சொல்லாமல், தங்கட கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தை விற்றதுக்கு. சட்டம் தாற ஒன்றைத் திரும்பவும் காசுக்கு விற்றார்கள் எண்டதுதான் குற்றச்சாட்டின் சாரம். அப்ப ஸ்தாசியோனே சென்ட்ராலேயைச் சுற்றியிருக்கிற ஒரு கடைக்காரர் “கொம்பனி வரன்டி ஒரு வருசம்தான்” எண்டு சொல்லுறதில் என்ன புதினம்?

இனி அந்தக் கடை மேசைக்கு வருவோம். எங்கட குடும்பங்களில் இந்தக் காட்சி வழமையானது: அம்மாவுக்கு இத்தாலியன் வீட்டுவேலைக்குப் போதும், வாக்குவாதத்துக்குப் போதாது. ஆகவே பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கிறது. கடைக்காரர் பிள்ளையிடம் ‘நீ’ போட்டுக் கதைக்கிறார். பிள்ளைக்கு வெட்கம், அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிறது. “பொருளை நேரே ஆசிஸ்தென்ஸாவுக்கு அனுப்புங்கோ” என்று ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கிழித்துக் கொடுக்க, இரண்டு பேரும் வெளியே வந்துவிடுகிறார்கள். இது ஸ்பீக்கரைப் பற்றிய கதை மட்டுமில்லை எண்டு உங்களுக்கு விளங்கும். அதே பிள்ளைதான் நாளைக்குக் குவெஸ்தூராவிலும் மொழிபெயர்க்கப் போகிறது.

அந்த மேசையில் சொல்லவேண்டிய சொல் ஒன்றுதான்: “திஃபெத்தோ தி கொன்ஃபொர்மித்தா.” ‘பழுது’ எண்டு சொல்லாமல் இதைச் சொன்னால் கடைக்காரருக்கு நீங்கள் எந்தச் சட்டத்தைக் கதைக்கிறீங்கள் எண்டு தெரியும். வாயால் சொன்னதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கோ. பெக் மின்னஞ்சல் இருந்தால் அதில், இல்லையெண்டால் பதிவுத் தபாலில். பற்றுச்சீட்டை, அதுதான் அந்த ஸ்கொன்ட்ரீனோவை, வாங்கின அன்றே படமெடுத்து வைக்கவேணும். வெயிலில் ஒரு கோடைகாலம் போதும் அது வெள்ளைக் கடதாசியாகிறதுக்கு.

ஸ்டேஷனைச் சுற்றியுள்ள சின்னத் திருத்துக் கடைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கட ஆக்கள் உடனே போறது அங்கதான். அந்தப் பெடியங்களுக்கு வேலை தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. பல கொம்பனி நிலையங்களை விட நல்லாய்த் தெரியும். ஆனால் வரன்டி இருக்கிற லப்டொப்பை அவர்கள் திறந்தால், விற்றவருக்கு “நீங்கள் திறந்து கெடுத்தீங்கள்” எண்டு சொல்ல ஒரு சாட்டுக் கிடைக்கும். இரண்டு வருடம் முடிந்த பிறகு முதலில் அவர்களிடமே போங்கோ, பேரம் பேசாமல் காசைக் கொடுங்கோ.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘திருத்தும் உரிமை’ நெறியாணை எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று சில தோழர்கள் நம்புகிறார்கள். 2024 ஜூனில் நிறைவேறியது, 2026 ஜூலை 31 முதல் நாடுகள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். நல்லதும் இருக்கு: மாற்றாமல் திருத்தத் தெரிவுசெய்தால் பாதுகாப்பு ஒரு வருடம் நீளும். ஆனால் வரன்டிக்குப் பிறகும் தயாரிப்பாளர் திருத்தித் தரவேண்டிய பொருள்களின் பட்டியலைப் பாருங்கோ. சலவை மெஷின் இருக்கிறது, ஃபோனும் டப்லட்டும் இருக்கிறது. தரவுமையங்களுக்கு வேண்டிய சேர்வர்கூட இருக்கிறது. லப்டொப் இல்லை.

வேறு சில தோழர்களின் பதில்: “புதுசு வாங்காதே, பழசை வாங்கி லினக்ஸ் போடு.” நானும் லினக்ஸ்தான் பாவிக்கிறேன். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு வேலையால் வந்து, யாழ்ப்பாணத்தில் இருக்கிற தாயோடு கதைக்க லப்டொப்பைத் திறக்கிற ஒரு மனுசியிடம் இதைச் சொல்லுறது அரசியல் இல்லை, பிரசங்கம். அதோட, மென்பொருளை மாற்றினால் ஸ்பீக்கர் தப்பும் எண்டும் இல்லை. அப்பிள் சில்லுக் கணினிகளுக்கு லினக்ஸ் செய்த அசாஹி குழு, ஸ்பீக்கர் சூடாகி எரியாமல் காக்கும் மென்பொருள் தயாராகும்வரை ஸ்பீக்கர்களைத் திறந்தே விடவில்லை. இப்போதைய ஸ்பீக்கரின் உயிரே மென்பொருளின் கையில் இருக்கு. பிறகு எப்படி ஒரு கடைக்காரர் இரண்டையும் பிரித்து, ஒன்றுக்குத்தான் நான் பொறுப்பு எண்டு சொல்லலாம்?

தனியாகப் போகக் கூடாது என்று மேலே சொன்னேன். ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், வியா மக்குவேதாவில், 2016 இல் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வருடக்கணக்காக மிரட்டிக் கப்பம் வாங்கியவர்களுக்கு எதிராக, பெரும்பாலும் வங்காளதேசக் கடைக்காரர்கள் சேர்ந்து முறையிட்டார்கள். அத்தியோபிஸ்ஸோ இயக்கம் கூட நின்றது. அந்த மே மாதம் பத்துப்பேர் கைதானார்கள். உயிர் ஆபத்தோடு செய்த அந்த வேலையை ஒரு ஸ்பீக்கரோடு ஒப்பிடவில்லை. ஆனால் ஒருவர் சொன்னால் ‘பிரச்சினைக்காரன்’, பத்துப்பேர் சொன்னால் வழக்கு. அந்தக் கணக்கு எங்கட தெருவிலேயே இருக்கு.

ஆகவே என் முன்மொழிவு. வருகிற கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்தை இதுக்கு ஒதுக்குவோம். உபுண்டு ஏற்றின யூஎஸ்பி இரண்டு நான் கொண்டுவாறன். கரகரக்கிற லப்டொப் இருக்கிற ஆக்கள் அதையும், சார்ஜரையும், பற்றுச்சீட்டின் படத்தையும் கொண்டுவாங்கோ. விற்றவருக்கு எழுதவேண்டிய கடிதத்தை இத்தாலியனில் ஒரு மாதிரியாக எழுதி வைப்போம், பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும். கடை மறுத்தால் ஃபெதர்கொன்சூமதோரியிடம் சேர்ந்து போகலாம். சிஜிஐஎல் தொழிற்சங்கத்தின் ஆதரவில் உருவான நுகர்வோர் அமைப்பு அது. எங்கட அம்மாமார் விசாப் பத்திரத்துக்குப் போற இன்கா பத்ரொனாத்தோவும் அதே தொழிற்சங்கத்தினுடையதுதான், ஆகவே முற்றிலும் அந்நியமான வாசல் இல்லை. கடைக்குப் போகும்போது பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பதிலாக இத்தாலியனில் சட்டம் கதைக்கக்கூடிய ஒருவர் கூடப் போகவேண்டும். சனிக்கிழமைகளில் ஆர் வரலாம் எண்டு இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ.