புதிய சில்லு வாங்கலாமா? முதலில் அளந்து பாருங்கள்!

எண்ணூரில் 1970-ஆம் ஆண்டு மின் உற்பத்தியைத் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதன் ஐந்து அலகுகளும் சேர்ந்து 450 மெகாவாட் திறன் கொண்டவை. அவற்றுள் பெரிய அலகின் திறனே 110 மெகாவாட்தான். அதே வட்டாரத்தில், வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டமாக 2024-இல் திறந்து வைக்கப்பட்ட ஓர் அலகு மட்டுமே 800 மெகாவாட் திறன் உடையது. பழைய இயந்திரத்தை விட்டுப் புதியதற்கு மாறலாமா என்று பார்க்கும் மின்பொறியாளர், "புதியது எவ்வளவு பெரியது?" என்பதோடு நிற்பதில்லை. "ஒரு கிலோ நிலக்கரிக்கு எத்தனை யூனிட் மின்சாரம் கிடைக்கும்?" என்றும் கேட்கிறார்.

வீட்டுக்குக் கணிப்பொறி வாங்கும்போது மட்டும் நாம் இத்தகைய கேள்வியை மறந்துவிடுகிறோம். "புதிய சில்லு வந்துவிட்டதாம், 16 கோர்களாம், 5.7 கிகாஹெர்ட்ஸாம்!" என்ற செய்தி கேட்டதும் மனம் ரிச்சி தெருவுக்குப் பறக்கிறது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வியும் இதுவே: "சார், இருக்கிற கணிப்பொறி போதுமா? மேல்தரச் சில்லுக்கு மாற வேண்டுமா?" பல பத்தாயிரம் ரூபாய்க் கேள்வி இது. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் படகிலும் உழைத்துச் சம்பாதிக்கும் பெற்றோருக்கு அது சிறு தொகை அன்று. ஆகவே இயற்பியல் துணையோடு விடை காண முயல்வோம்.

வேகம் தளர்ந்த கதை

கணிப்பொறியின் மூளையாகிய நுண்செயலி ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. 1984-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி.-ஏ.டி. கணிப்பொறியின் சில்லு நொடிக்கு 60 லட்சம் முறை துடித்தது. 2004-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 சில்லு நொடிக்கு 380 கோடி முறை துடித்தது. இருபதே ஆண்டுகளில் 600 மடங்குக்கு மேல் வளர்ச்சி! அந்நாளில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கணிப்பொறியை மாற்றியவருக்கு வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்தது என்ன? 2024-இல் வந்த ஐ9-14900கேஎஸ் சில்லின் உச்சத் துடிப்பு 620 கோடி. அதாவது வளர்ச்சி 1.6 மடங்கே. ஒரு துடிப்பில் நடக்கும் வேலை இதற்கிடையே கூடியிருக்கிறது. கோர்களின் எண்ணிக்கையும் பெருகியிருக்கிறது. ஆனால் "புதியது என்றால் தானாகவே பல மடங்கு வேகம்" என்ற பழைய கணக்கு இன்று செல்லாது.

காரணம் வெப்பம். சில்லு செலவிடும் மின்திறன் அதன் துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்டுவதற்கு மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்ட நேர்ந்தால், 1.1 × 1.1 × 1.1 = 1.33. பத்து சதவீத வேகத்துக்கு 33 சதவீதக் கூடுதல் மின்திறன்! டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டே போகலாம் என்று ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியோரும் 1974-இல் காட்டினார்கள். முப்பது ஆண்டுகள் அந்த வழி கைகொடுத்தது. டிரான்சிஸ்டர் மிகச் சிறிதானபோது, அணைந்திருக்கும் நிலையிலும் அதன் வழியே மின்னோட்டம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை அதற்குமேல் விரும்பியபடி குறைக்க முடியவில்லை. வழி அங்கே குறுகிவிட்டது.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரு சில்லுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020-இல் வந்த ரைசன் 9 5950எக்ஸ் 16 கோர்கள் கொண்டது; உச்ச வேகம் 4.9 கிகாஹெர்ட்ஸ், நிறுவனம் குறிப்பிடும் வெப்ப அளவு 105 வாட். 2024-இல் வந்த 9950எக்ஸ் சில்லிலும் அதே 16 கோர்கள். உச்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 170 வாட். துடிப்பு வேகம் 16 சதவீதமும் வெப்ப அளவு 60 சதவீதத்துக்கு மேலும் உயர்ந்திருக்கின்றன. உள்ளமைப்பும் மேம்பட்டிருப்பதால் வேலை வேகம் 16 சதவீதத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் இந்த மாற்றத்துக்கு மதர்போர்டையும் நினைவகத்தையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணோடு இந்தச் செலவையும் சேர்த்து எண்ண வேண்டாமா?

கிரேனும் லாரியும்

கோர்கள் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்காகுமா? துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். கப்பலிலிருந்து பெட்டகங்களை இறக்கும் கிரேன்களை இரட்டிப்பாக்குகிறோம். வாயிலில் லாரிகள் ஒவ்வொன்றாகத்தான் சோதிக்கப்படுகின்றன என்றால், இறக்கிய பெட்டகம் எங்கே போகும்? எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்த திருவொற்றியூர், எண்ணூர் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இக்கருத்தை ஜீன் அம்தால் என்ற கணிப்பொறி அறிஞர் 1967-இல் எடுத்துரைத்தார். ஒரு வேலையில் 60 சதவீதத்தை மட்டுமே பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும் என்று கொள்வோம். ஒரே கோர் அதை முடிக்க 100 நொடி ஆகிறது. 8 கோர்களில் ஆகும் நேரம் 40 + 60/8 = 47.5 நொடி. 16 கோர்களில் 40 + 60/16 = 43.75 நொடி. கோர்களை இரட்டித்தும் நாம் மிச்சப்படுத்தியது நான்கு நொடிக்கும் குறைவு! அதுவே 95 சதவீதம் பிரிக்கத்தக்க வேலையானால், 8 கோர்களில் 16.9 நொடி, 16 கோர்களில் 10.9 நொடி. இங்கே பயன் தெளிவாக இருக்கிறது. ஆகவே சில்லின் மதிப்பு சில்லில் மட்டும் இல்லை. அதற்கு நாம் கொடுக்கும் வேலையிலும் இருக்கிறது.

இன்னொரு தடையும் உண்டு. நொடிக்கு 500 கோடி முறை துடிக்கும் சில்லில் ஒரு துடிப்பின் நேரம் 0.2 நானோ வினாடி. அதற்குள் ஒளியே ஆறு சென்டிமீட்டர்தான் செல்லும். நினைவகத்திலிருந்து ஒரு தகவல் வந்து சேர ஏறத்தாழ 80 நானோ வினாடி ஆகிறது. அதாவது 400 துடிப்புகள் சில்லு காத்திருக்கிறது. அடிக்கடி வேண்டிய தகவல்களைச் சில்லுக்குள்ளேயே சிறு சேமிப்பில் வைத்துக்கொள்வதால் இந்தக் காத்திருப்பு பெருமளவு குறைகிறது, ஆனால் மறைந்துவிடுவதில்லை. பழைய சுழலும் வன்தட்டிலிருந்து தகவல் எடுப்பதோ இன்னும் மெதுவானது. தட்டின் உரிய இடத்துக்கு முனை நகர்ந்து சேர ஏறத்தாழ 10 மில்லி வினாடி ஆகும். எஸ்.எஸ்.டி. என்னும் திண்மச் சேமிப்பில் இது 0.1 மில்லி வினாடி அளவே. நூறு மடங்கு வேறுபாடு! "என் கணிப்பொறி மெதுவாக இருக்கிறது" என்று சொல்பவரின் வீட்டில் சுழலும் வன்தட்டு இருந்தால், மாற்ற வேண்டியது சில்லை அன்று.

இஸ்திரிப் பெட்டியைவிடச் சூடு

இன்டெல் ஐ9-14900கே சில்லு முழு வேகத்தில் 253 வாட் வரை எடுக்கும். அதன் சிலிக்கன் துண்டின் பரப்பு ஏறத்தாழ இரண்டரைச் சதுர சென்டிமீட்டர். எனவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 100 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட், அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். இஸ்திரிப் பெட்டியைப் போல் இருபது மடங்கு செறிவான வெப்பத்தை ஒரு விசிறியோ நீர்க்குழாயோ வெளியேற்றியாக வேண்டும்.

வெப்பம் வெளியேறும் வீதம் சில்லுக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சில்லின் எல்லை 100 டிகிரி என்க. 20 டிகிரி அறையில் வேறுபாடு 80. சென்னையின் மே மாத அறையில், 38 டிகிரியில், வேறுபாடு 62 தான். அதே விசிறி வெளியேற்றக்கூடிய வெப்பம் இருபது சதவீதத்துக்கு மேல் குறைகிறது. குளிர்ந்த அறையில் சோதித்து வெளியிட்ட வேக அட்டவணை, நம் ஊர்க் கோடையில் அப்படியே பொருந்துமா? எல்லையை நெருங்கிய சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு எண்ணூர்க் காற்றில் கடல் உப்பும் நிலக்கரித் தூசியும் உண்டு. விசிறியில் தூசி படிந்த விலையுயர்ந்த சில்லு, சுத்தமாகப் பேணப்படும் நடுத்தரச் சில்லிடம் தோற்றாலும் வியப்பில்லை.

உச்ச வேகத்துக்காக மின்னழுத்தத்தை உயர்த்துவதில் ஆபத்தும் இருக்கிறது. 13, 14-ஆம் தலைமுறை மேசைச் சில்லுகள் சிலவற்றில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலையின்மை ஏற்பட்டதை இன்டெல் நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. வெளியான முதல் மாதத்திலேயே ஓடிப்போய் வாங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

சாம்பல் கணக்கு

புதிய கணிப்பொறி பழையதைவிட 100 வாட் கூடுதலாக எடுக்கிறது. நாள்தோறும் 5 மணி நேரம், ஆண்டில் 300 நாள் முழு வேகத்தில் ஓடுகிறது என்போம். கூடுதல் செலவு 150 யூனிட். இது முழுவதும் அனல்மின்சாரம் என்றால், யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ வீதம் 105 கிலோ நிலக்கரி எரியும். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். எனவே ஒரு கணிப்பொறிக்கு ஆண்டுக்கு 30 கிலோவுக்கு மேல் சாம்பல்! அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் குழம்பு கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் படிந்து மீன்வளம் கெட்டதாக எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் வழக்கு நடந்தது. ஒரு கணிப்பொறியால் ஆறு கெட்டுவிடாதுதான். ஆனால் நம் மேசையில் தேவையின்றிச் செலவாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எங்கோ ஒரு சாம்பல் குவியல் உண்டு. அந்த "எங்கோ" இங்கே நமது ஊராகவே இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆற்றல் என்பது திறனை நேரத்தால் பெருக்கக் கிடைப்பது. பழைய கணிப்பொறி 100 வாட்டில் 60 நிமிடம் செய்யும் வேலையைப் புதியது 200 வாட்டில் 20 நிமிடத்தில் முடித்தால், செலவு 100 வாட்-மணியிலிருந்து 67 ஆகக் குறைகிறது. ஆகவே நாள் முழுதும் கனமான கணக்கீடு செய்பவருக்குப் புதிய சில்லு மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும்.

அப்படியானால் யார் மாறலாம்?

என் கருத்து இதுதான். முப்பரிமாண அசைவுப்படம், நீண்ட ஒளிப்படத் தொகுப்பு, பெரிய கணித மாதிரிகள் ஆகியவற்றுக்காக ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரமாவது கணிப்பொறிக்காகக் காத்திருப்பவர் மாறலாம். அதுவும் தம் வேலை குறைந்தது ஒன்றரை மடங்கு வேகமாகும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே. கட்டுரை எழுதவும், பைத்தான் மொழி பழகவும், வரைபடம் வரையவும், பாடம் கேட்கவும் கணிப்பொறியைப் பயன்படுத்தும் மாணவருக்கு மேல்தரச் சில்லு தேவையில்லை. ஒரு நிமிட வேலையில் ஆறு நொடி மிச்சமாவதால் யாருடைய மதிப்பெண்ணும் உயரப் போவதில்லை.

"பிற்காலத்துக்கு உதவுமே" என்று சிலர் வாதிடுவர். 2020-இன் உச்சச் சில்லான 5950எக்ஸை, 2024-இல் வந்த இடைநிலைச் சில்லான ரைசன் 5 9600எக்ஸ் ஒற்றைக் கோர் வேலையில் முந்திவிட்டது. இன்று உச்சத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைச் சேமித்து வைத்தால், நான்கு ஆண்டு கழித்து அதைவிட நல்ல சில்லை வாங்கலாம்.

"விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதே, பழைய சில்லுகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லையே!" என்பது இன்னொரு வாதம். இது நியாயமான கவலை. ஆனால் இதற்கு உச்சச் சில்லு விடையன்று. லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் பழைய இயந்திரம் இன்னும் பல ஆண்டு உழைக்கும். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனமே பாஸ் என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியிருக்கிறது.

நண்பர்களே, இந்த வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் அடிக்கடி செய்யும் மூன்று வேலைகளைக் கடிகாரம் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். அப்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து சில்லு, நினைவகம், வன்தட்டு ஆகிய மூன்றில் எது 100 சதவீதத்தை எட்டுகிறது என்று பாருங்கள். வன்தட்டு எட்டினால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். நினைவகம் எட்டினால் அதைக் கூட்டுங்கள். எதுவுமே எட்டாவிட்டால் விசிறியின் தூசியைத் துடைத்துவிட்டுப் பணத்தை வங்கியில் போடுங்கள். சில்லு மட்டும் நெடுநேரம் 100-இல் நின்றால், அந்த நோட்டை அப்பா அம்மாவிடம் காட்டிப் பேசுங்கள். ஆசையைச் சொல்லிக் கேட்பதைவிட அளவைக் காட்டிக் கேட்பது மதிப்பு மிக்கது. அதுதானே அறிவியல் படிப்பவருக்கு அழகு!