போன் எங்களுடையது, முடிவு நெட்வொர்க்கினுடையதா?

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஈஸ்ட் ஹாமில் ஒரு நெட்வொர்க் கடைக்குப் போனேன். அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. இரண்டு சிம் போடக்கூடிய, எழுத்துப் பெரிசாத் தெரியிற, விலை குறைஞ்ச ஒரு போன். ஒரு சிம் இங்கத்தை நம்பருக்கு. மற்றது யாழ்ப்பாண நம்பருக்கு. வங்கி அனுப்புற ரகசிய எண் அதுக்குத்தான் வரும். கடைப் பெடியன் மரியாதையானவன்தான். ஆனால் அவன் காட்டினது ஆப்பிள், சாம்சங், கூகுள் மட்டுமே. மலிவான மொடல் ஸ்டொக்கில் இல்லையாம். மிச்சமெல்லாம் 24 மாதம், 36 மாதம் கட்ட வேண்டியவை.

வெளியில வாங்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அம்மாவிடம் அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, கொழும்பில் வாங்கினது. வாட்ஸ்அப் வேலை செய்யுது, யூடியூப் ஓடுது. ஆனால் வீட்டுக்குள்ளே சாதாரண அழைப்பு வந்தால் பல நேரம் மணியே அடிக்காது. இரத்தப் பரிசோதனை முடிவு சொல்ல ஜிபி சர்ஜரியிலிருந்து இரண்டு தரம் எடுத்திருக்கிறார்கள். கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

போன் பழுதில்லை. வோடபோனும் ஈஈயும் 2024 தொடக்கத்திலேயே 3ஜியை நிறுத்திவிட்டன. மற்றவையும் அதே வழியில் வந்தன. இப்போது குரல் அழைப்பு 4ஜியில் போக ‘வோல்டி’ என்ற வசதி வேண்டும். அந்த வசதி போனில் இருந்தால் மட்டும் போதாது. அந்த மொடலை நெட்வொர்க்கும் அங்கீகரித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பு பழைய 2ஜியில் போய் விழும். த்ரீ நிறுவனத்துக்கு அந்த 2ஜியும் கிடையாது. மற்றவர்களின் 2ஜியும் 2033க்குள் போய்விடும் என்று அரசாங்கமும் நிறுவனங்களும் 2021இலேயே இணங்கிவிட்டன.

இது எங்கட சனத்துக்குப் புதுக் கதையில்லை. 2007 நவம்பர் 9ஆம் திகதி ஐபோன் இங்கே வந்தபோது ஓ2 தவிர வேறு நெட்வொர்க்கில் கிடையாது. 269 பவுணும் கொடுத்து 18 மாத ஒப்பந்தமும் எழுத வேண்டும். ஒரஞ்சுக்கு அது வர 2009 ஆனது. டூட்டிங்கிலும் வெம்பிளியிலும் போன் கார்ட் விற்ற கடைகளில் ‘அன்லொக்’ செய்துதான் பலர் சமாளித்தார்கள். பூட்டிய போன்களை விற்கக்கூடாது என்று ஒஃப்கொம் தடைபோட்டது 2021 டிசம்பரில். நல்ல விஷயம். ஆனால் பூட்டு போன இடத்தில் பட்டியல் வந்து குந்திவிட்டது. பூட்டையாவது பத்துப் பவுண் கொடுத்துத் திறக்கலாம். பட்டியலை எந்தக் கடைக்காரர் திறப்பார்?

தொழில்நுட்பம் கஷ்டம் என்று சாட்டுச் சொல்ல முடியாது. 2016 செப்டம்பரில் இந்தியாவில் ஜியோ தொடங்கியது. 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை, முழுக்க 4ஜி. அதனால் அங்கே விற்ற மலிவுப் போன்களும் வோல்டிக்கு மாறவேண்டி வந்தது. சென்னையில் அழகாகக் கதைக்கிற போன் லண்டனில் ஊமையாகிறது என்றால், குறை போனில் இல்லை.

விற்கிற இடங்களும் சுருங்கிவிட்டன. பல நெட்வொர்க்குகளை ஒரே கூரையில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த போன்ஸ் ஃபோர் யூ 2014இல் விழுந்தது. வோடபோனும் ஈஈயும் விலகியதுதான் கடைசி அடி. கார்போன் வெயார்ஹவுஸ் 2020இல் தன் 531 தனிக் கடைகளையும் மூடியது. 2025 மே 31இல் வோடபோனும் த்ரீயும் இணைந்ததோடு சொந்தக் கோபுரம் உள்ள நிறுவனங்கள் மூன்றாகிவிட்டன. எங்கட ஆக்கள் தொடங்கின லைக்காவும் லெபாராவும்கூட அடுத்தவரின் கோபுரத்தில்தான் ஓடுகின்றன.

அந்த இணைப்புக்குப் போட்டி ஆணையம் அனுமதி கொடுத்தபோது சில கட்டணங்களுக்கு மூன்று வருட உச்சவரம்பு கேட்டது. வேறு நாட்டில் வாங்கிய போனில் அழைப்பு வேலை செய்யுமா என்பதையும் ஒஃப்கொம் அப்படிக் கேட்கலாம். குறைந்தது, சிம் விற்கிற நேரத்திலேயே அந்தப் போனின் மொடலைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக் கட்டாயப்படுத்தலாம். தாய் தகப்பனுக்கு ஊரிலிருந்து போன் கொண்டுவரும் பிள்ளைகள் முதலில் அதைக் கேட்டு வையுங்கள், எழுத்தில்.

கடைசியில் என் பெயரில் ஒரு சாம்சங் எடுத்தோம், 36 மாதம். அம்மாவுக்கு இங்கே கடன் வரலாறு இல்லை. அதிலும் அவருடைய யாழ்ப்பாண சிம்மைப் போட இடமில்லை. இப்போது கைப்பையில் இரண்டு போன். எது அடிக்கிறது என்று பார்க்க இரண்டையும் வெளியே எடுக்கிறார்.