அம்பாசிடருக்குத் தாகம் எடுத்தால்

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் அவர் அப்பா விட்டுப்போன 1978ஆம் வருடத்து அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. அதற்கு அலுமினிய ரேடியேட்டரும் மின்சார ஃபேனும் போட வேண்டும் என்று போன மாதம் முடிவு செய்தார. மதுரையில் பழைய கார் பைத்தியமான அவருடைய நண்பர் ஒருவர், "ஒரிஜினலைக் கெடுத்துடாதேடா" என்று தடுத்துவிட்டாராம். என்னிடம் வந்து, "ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

என் பெயரில் ஒரு சைக்கிளைத் தவிர வேறு வாகனம் இருந்ததில்லை. இருந்தாலும் ஆபீஸ் அம்பாசிடரில் பின் சீட்டில் ஃபைல் கட்டுகளோடு இந்த மலையை எத்தனையோ முறை ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: மாற்றலாம். ஆனால் அவர் நினைத்த வரிசையில் அல்ல.

கொடை ரோடு ஸ்டேஷனிலிருந்து இங்கே 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் டம் டம் பாறைக்கு வருவதற்குள் நாலு வண்டியாவது பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்கும். நாங்கள் தலையாறு அருவியைப் பார்த்துக்கொண்டிருப்போம், டிரைவர் குடத்தோடு தண்ணீர் தேடிப் போவார். 1980களில் ஒரு நாள் எங்கள் டிரைவர் அவசரப்பட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் ஊற்றுப்போலப் பீறிட்டது. முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. வேறொரு லாரியில் ஏற்றி அவரைக் கீழே கொண்டுபோனோம். அன்றிலிருந்து அந்த மூடியைப் பார்த்தாலே எனக்கு ஒரு மரியாதை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். இயற்பியல் வாத்தியார் தெனி பப்பேன் என்பவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். 1679இல் லண்டனில், இறுக மூடிய பாத்திரத்தில் எலும்பைக்கூடக் குழைய வேகவைத்துக் காட்டிய பிரெஞ்சுக்காரர் அவர். நம் வீட்டுக் குக்கருக்கு அதுதான் பாட்டன். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் கூடும். ரேடியேட்டர் மூடி செய்வதும் அதே வேலைதான். அதில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது தாங்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும்.

மலையில் இது ஏன் முக்கியம்? சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே பருப்பு வேக நேரமாகிறது என்று வீட்டில் புலம்புவதற்கும் அதுவே காரணம். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், கீழே ஒழுங்காக ஓடிய வண்டி மேலே வரும்போது கொதிக்கும். வாயில் ரப்பர் காய்ந்துபோன மூடியை மாற்றாமல் பெரிய ரேடியேட்டர் வாங்குவது, கேஸ்கெட் போன குக்கருக்குப் பதில் பெரிய அடுப்பு வாங்குவது மாதிரி. அதற்காகப் பழைய செம்பு ரேடியேட்டருக்கு இன்றைய காரின் கனமான மூடியைப் போட்டுவிடவும் கூடாது. ஈயப்பற்று விட்டுப்போகும்.

இரண்டாவது உப்பு. கீழே போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் குழாய்கள் எப்படி இருக்கும் என்று வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்தப் படலம் சூட்டை வெளியே விடாது. பட்டறையில் கொடுத்து, மேல் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்தால் பாதி வியாதி தீரும். தம்பியின் வண்டியில் குழாய்களில் பாதி அடைத்திருந்தது.

தெர்மோஸ்டாட் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். வண்டி சூடானால் முதலில் அதைக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். "அது எதுக்கு சார், அடைச்சுக்கிட்டு இருக்கும்" என்பார்கள். அது பழுதாகி மூடிக்கொண்டால் மாற்ற வேண்டும், சரிதான். அடியோடு எடுத்துவிட்டால் இந்தக் குளிரில் இன்ஜின் பதமான சூட்டுக்கு வரவே வராது. பெட்ரோல் குடிக்கும், ஆயில் கெட்டுப்போகும், உள்ளே தேய்மானம் கூடும். வட்டக்கானலில் டிசம்பர் காலையில் தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி அந்த மதுரை நண்பருக்கு வருகிறேன். ஒரிஜினல், ஒரிஜினல் என்கிறாரே, அம்பாசிடரே இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸ்தானே? அந்த ஊர் வெயிலுக்கும் மேட்டுக்கும் வரைந்த வண்டியை 1957 முதல் உத்தர்பாராவில் செய்தார்கள். 2014இல் நிறுத்தும் வரை அவர்களே எத்தனை முறை அதை மாற்றினார்கள்! இன்ஜினையே இசுசுவுக்கு மாற்றினார்களே. அமெரிக்காவிலும் 1960களின் பெரிய வி-8 கார்களை வைத்திருப்பவர்கள் அதிக வரிசைக் குழாய் உள்ள ரேடியேட்டர், மின்சார ஃபேன் என்று மாற்றித்தான் ஓட்டுகிறார்கள். கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு ஒரு நியாயம், ஓடும் வண்டிக்கு வேறு நியாயம். தம்பியின் அம்மாவுக்கு இதயக் கோளாறு. மாதம் ஒருமுறை அந்த வண்டியில்தான் மதுரைக்குப் போய் வருகிறார். நடு மலையில் நின்றுவிட்டால் ஒரிஜினல் ரேடியேட்டரா வந்து அவருக்கு மாத்திரை தரும்?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் வண்டி ஏற்றத்தில் கொதித்தது, இப்போது நின்ற இடத்திலேயே கொதிக்கிறது. 2024இல் ஐகோர்ட் இ-பாஸ் கொண்டுவந்த பிறகும், விடுமுறை நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டிகள் எறும்புச் சாரையாகத்தான் நிற்கின்றன. வட்டக்கானல் ரோட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், எதிரே ஒரு ஜீப் வந்தால் யாராவது ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பழைய ஃபேன் பெல்ட்டில் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜின் மெதுவாக ஓடினால் ஃபேனும் சோம்பும். மின்சார ஃபேன் வண்டி நின்றாலும் முழு வேகத்தில் காற்று இழுக்கும். அதனால் இது ஆடம்பரமில்லை. ஆனால் டைனமோ உள்ள வண்டி என்றால் முதலில் ஆல்டர்னேட்டர் போட வேண்டும். ஹெட்லைட்டும் வைப்பரும் ஃபேனும் சேர்ந்து கேட்டால் பனிமூட்டத்தில் டைனமோ கையை விரித்துவிடும். ஃபேனைச் சுற்றித் தகரக் கூடு வைக்கவும் மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் ரேடியேட்டரின் நடுப்பகுதி மட்டும்தான் குளிரும்.

பச்சைத் தண்ணீரை விட்டுக் கூலன்டுக்கு வரச் சொன்னேன். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் உயரும், ஜனவரி உறைபனியில் உள்ளே கட்டிபிடித்து இன்ஜின் பிளாக்கும் வெடிக்காது. ஆனால் அது இனிப்பான விஷம். கீழே சிந்தினால் நாய் நக்கிவிடும், உடனே கழுவிவிட வேண்டும்.

மூடி, சுத்தம், தெர்மோஸ்டாட் மூன்றையும் முதலில் முடித்தார். அதன் பிறகும் வெயில் நாளில் முள் ஏறியதால் ஆல்டர்னேட்டரும் ஃபேனும் கூடும் போட்டார். அலுமினிய ரேடியேட்டர் தேவைப்படவில்லை, அந்தப் பணம் மிச்சம். பாடியில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. கழற்றிய பழைய ஃபேனைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார், மதுரை நண்பர் வந்தால் காட்டுவதற்கு.

போன வியாழக்கிழமை நானும் கூடவே மதுரை போய் வந்தேன். பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தினோம். முள் நடுவிலேயே நின்றது. தம்பி பெருமையாகப் பானெட்டைத் திறந்து, "மூடியைத் தொட்டுப் பாருங்கய்யா" என்றார். நான் டீயை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.